நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றே முக்கால்!

பதினாறு பரீட்சை எழுதி, பதினைந்தில் முதல் ராங்க் வாங்கிய பையனைப் பற்றி ஊர் என்ன பேசும்? ‘அந்தப் பதினாறாவதுல என்னப்பா ஆச்சு?’ என்றுதான் பேசும். நம்ம சுபாவம் அப்படி.

1988-ம் வருஷம் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய மெக்லாரன் எம்.பி.4/4 என்ற காருக்கும் இதே கதிதான். பதினாறு பந்தயம். பதினைந்தில் வெற்றி. சதவிகிதம் போட்டால் தொண்ணூற்று மூன்றே முக்கால். அதில் பத்துப் பந்தயங்களில் முதல் இடமும் இவர்களுக்கே, இரண்டாம் இடமும் இவர்களுக்கே. சீசன் முழுக்க ஓடிய 1031 சுற்றுகளில் 1003 சுற்று ஒரு மெக்லாரன்தான் முன்னால் ஓடியது. கம்பெனிகளுக்கான பட்டியலில் மெக்லாரன் 199 பாயின்ட், இரண்டாவதாக வந்த ஃபெராரி 65. மற்ற டீம்கள் எல்லாம் சும்மா வந்து மொய் எழுதிவிட்டுப் போன மாதிரி!

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். காரின் பானெட்டைத் திறந்தால் எது ரேடியேட்டர், எது பேட்டரி என்பது வரைக்கும்தான் நமக்கு ஞானம். 1988-ல் நான் பிறக்கவே இல்லை. பழைய பந்தயங்களை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் செல்போனில் பார்ப்பது என் வியாதி. அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்தது. இந்தக் காரின் கதையில் பாதி இன்ஜினீயரிங் என்றால், மீதி பாதி கணக்குப் பிள்ளை சமாசாரம். அதனால்தான் தைரியமாக எழுத உட்கார்ந்தேன்.

மாசக் கடைசி பட்ஜெட்

அந்தக் காலத்து ஃபார்முலா ஒன்னில் டர்போ இன்ஜின்கள்தான் ராஜா. ஒன்றரை லிட்டர் இன்ஜின்தான். நம்ம ஊர் சின்னக் காரில் இருக்குமே, அந்த சைஸ். ஆனால் டர்போ என்கிற காற்றாடி, காற்றை அழுத்தி அழுத்தி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும். அசுர பலம். டிரைவர்களே பயந்து போகிற பலம்.

பந்தயத்தை நடத்துகிற அமைப்பு யோசித்தது. 1989 முதல் டர்போவே கூடாது, மூன்றரை லிட்டர் சாதா இன்ஜின்தான் என்று முடிவு கட்டியது. நடுவில் இருந்த 1988-ஐ மட்டும் ஒரு நோட்டீஸ் பீரியடாக விட்டது. அந்த ஒரு வருஷம் டர்போ வைத்துக் கொள்ளலாம், ஆனால் கழுத்தில் கயிறு. காற்றை அழுத்தும் அளவு முந்தின வருஷம் 4 பார் இருந்தது, 2.5 பார் ஆயிற்று. ஒரு பந்தயத்துக்கு 195 லிட்டர் எரிபொருள் என்றிருந்தது 150 லிட்டர் ஆயிற்று. சாதா இன்ஜின்காரர்களுக்கோ எரிபொருளில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது!

ஒரு பந்தயம் சுமார் 300 கிலோமீட்டர். 150 லிட்டரில் முடிக்க வேண்டும். அதாவது லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர். ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்று ஷோரூமில் கேட்கிறவர்கள் மயங்கி விழுகிற மைலேஜ். ஆனால் அந்த வேகத்துக்கு அது படு கஞ்சத்தனம். பக்கத்து வீட்டுக்காரர் கிரெடிட் கார்டைத் தேய்த்துக்கொண்டே இருக்க, நீங்கள் மட்டும் முதல் தேதி வாங்கிய சம்பளத்தில் முப்பத்தோராம் தேதி வரை ஓட்ட வேண்டும். அப்படி ஒரு நிலைமை.

இந்த இடத்தில்தான் மற்ற டீம்களின் புத்தியும் மெக்லாரனின் புத்தியும் பிரிந்தன.

‘எப்படியும் அடுத்த வருஷம் டர்போ கிடையாது. ஒரே ஒரு வருஷத்துக்காகப் புதுசாக ஏன் செலவு பண்ண வேண்டும்?’ என்று வில்லியம்ஸ், பெனட்டன் போன்ற டீம்கள் முன்னாலேயே சாதா இன்ஜினுக்கு மாறிவிட்டன. ஃபெராரி பழைய 1987 காரையே தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டு வந்தது. காமர்ஸ் படித்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஒரே வருஷ ஆயுசு உள்ள சொத்தில் பணம் போடாதே. முழுசாகத் தேய்மானத்தில் எழுதிவிட வேண்டியதுதான்.

மெக்லாரன் முதலாளி ரான் டென்னிஸ் நேர்மாறாகச் செய்தார். அந்த ஒரு வருஷத்துக்கென்றே புத்தம் புதுக் கார். அவருக்கு இன்ஜின் கொடுத்த ஹோண்டாவும் அந்த ஒரு வருஷத்து விதிக்கென்றே இன்ஜினைத் திருத்தி வார்த்தது. 1989-க்கான காரை நீல் ஓட்லி என்ற டிசைனரின் தலைமையில் தனியாக இன்னொரு கோஷ்டி வரைந்துகொண்டிருந்தது. இந்த வருஷத்துக்கு ஒரு கை, அடுத்த வருஷத்துக்கு ஒரு கை. காசு உள்ளவன் செய்கிற காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு ஃபெராரியிடமும் இருந்ததே, ஸார்!

ஈஸி சேரில் சாய்ந்தபடி...

சரி, காரில் அப்படி என்னதான் விசேஷம்?

படத்தைப் பார்த்தால் முதலில் தோன்றுவது ‘என்ன இது, இவ்வளவு குள்ளமா இருக்கு?’ என்பதுதான். டிரைவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஈஸி சேரில் சாய்ந்து மதியத் தூக்கத்துக்குத் தயாராகிற தாத்தா மாதிரி கிட்டத்தட்டப் படுத்திருக்கிறார். ஹெல்மெட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கிறது.

இதில் மூணு லாபம். எடை எல்லாம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வளைவில் கார் சாயாது. (ஆட்டோ ஏன் கவிழ்கிறது, கேரம் போர்டு காயின் ஏன் கவிழ்வதில்லை என்று யோசியுங்கள்.) முன்பக்கம் காற்றில் மோதுகிற பரப்பு குறைவு. கடைசியாக, பின்னால் இருக்கிற பெரிய இறக்கைக்குக் காற்று தடங்கல் இல்லாமல் போய்ச் சேரும். அந்த இறக்கைதான் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. விமான இறக்கையைத் தலைகீழாக மாட்டிய மாதிரி.

எரிபொருள் அளவு குறைந்ததே, அதையும் லாபமாக்கினார்கள். டிரைவர் முதுகுக்குப் பின்னால்தான் டாங்க். 195 லிட்டர் பிடிக்க வேண்டிய டாங்க் 150 லிட்டரானால் குட்டையாகும். டாங்க் குட்டையானால் காரின் முதுகு இறங்கும். சம்பளம் குறைந்தவன் சின்ன வீட்டுக்குக் குடிபோய், வாடகையை மிச்சம் பிடித்த கதை.

ஹோண்டாவின் வி-6 இன்ஜினும் தரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தது. கிளட்ச்சைச் சின்னதாக்கி, இன்ஜினுக்குள் சுழல்கிற கிராங்க் ஷாஃப்ட்டைக் கீழே இறக்கினார்கள். ஆனால் ஒரு சிக்கல். இன்ஜின் அவ்வளவு கீழே போனால், அதிலிருந்து வருகிற சக்தியைச் சக்கரங்களின் உயரத்துக்கு மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அதற்காகச் சாதாரணமாக ரெண்டு தண்டு இருக்கிற கியர்பாக்ஸில் மூணாவதாக ஒரு தண்டு சேர்த்தார்கள். எங்கோ ஒரு சின்ன இடத்தில் சேமிக்கப் போக, அதற்காக வேறொரு இடத்தில் செலவு. பட்ஜெட் போட்ட எவனுக்கும் புரியும்.

எரிபொருளும் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற சரக்கில்லை. அதில் பெரும்பகுதி டொலுயீன். பெயின்ட் தின்னரில் வாசனை வருமே, அதே டொலுயீன்தான்! அளவு 150 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றுதானே விதி? அந்த லிட்டருக்குள் சக்தியை அடைத்துவிடலாமே! கூடுதல் கனமான திரவம், ஒரு லிட்டரில் கூடுதல் சக்தி. விதியின் வார்த்தைக்கு ஒரு பங்கமும் இல்லை. நம்ம ஆடிட்டர்கள் கேட்டால் கண்ணில் நீர் மல்கக் கைதட்டுவார்கள்.

‘எல்லாம் ஹோண்டா இன்ஜின் மகிமை’ என்று சொல்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அதே ஹோண்டா இன்ஜின் அதே வருஷம் லோட்டஸ் டீமிடமும் இருந்ததே? ஓட்டியவர் முந்தின வருஷத்து உலக சாம்பியன் நெல்சன் பிக்கே. லோட்டஸ் எத்தனை பந்தயம் ஜெயித்தது தெரியுமா? முட்டை!

சீசனின் இரண்டாவது பந்தயம், இத்தாலியில் இமோலா. தகுதிச் சுற்றில் மெக்லாரன் கார்கள் முதல் ரெண்டு இடம். மூணாவது வந்த பிக்கே, முதல் காரை விட ஒரு சுற்றுக்கு 3 விநாடிக்கு மேல் பின்தங்கினார். விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்கிற விளையாட்டில் மூணு விநாடி! பந்தயத்திலும் அதே வரிசைதான். மூணாவது வந்த பிக்கே முழுசாக ஒரு சுற்று பின்னால். அதே இன்ஜின், ஸார்! ஒரே அரிசி, ஒரே உளுந்துதான். ஒரு வீட்டில் இட்லி பூவாக வருகிறது, இன்னொரு வீட்டில் சுவரில் எறிந்தால் திரும்பி வருகிறது.

ஒரே வீட்டில் ரெண்டு நாட்டாமை

அந்தக் காரை ஓட்டியவர்கள் இரண்டு பேர். அலென் புராஸ்ட், பிரெஞ்சுக்காரர். ஏற்கெனவே ரெண்டு முறை உலக சாம்பியன். டயர் தேயாமல், எரிபொருள் சிந்தாமல் ஓட்டுவார். ‘புரொபசர்’ என்று பட்டப்பெயர். இன்னொருவர் அயர்ட்டன் சென்னா, பிரேஸில்காரர். அந்த வருஷம்தான் டீமுக்குப் புதுசாக வந்தார். சேமிப்பு, சிக்கனம் எல்லாம் அப்புறம். முதலில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். பதினாறு பந்தயங்களில் பதின்மூன்றில் முதல் வரிசையில் முதல் இடம் அவருக்கே.

மொனாக்கோவில் தகுதிச் சுற்றில் அதே காரில் ஓடிய புராஸ்ட்டை விட சென்னா கிட்டத்தட்ட ஒன்றரை விநாடி வேகம். பந்தயத்திலும் யாரும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப் பன்னிரண்டு சுற்றுதான் மிச்சம். யாரும் துரத்தவில்லை. தானாகவே கம்பித் தடுப்பில் போய் மோதினார். இறங்கினார். பக்கத்திலேயே இருந்த தன் அப்பார்ட்மென்ட்டுக்கு நேராக நடந்து போய்விட்டார். பந்தயம் புராஸ்ட்டுக்கு.

போர்ச்சுகலில் 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் முந்த வந்த புராஸ்ட்டை, சென்னா சுவர் பக்கமாக நெருக்கினார். புராஸ்ட் அசரவில்லை, முந்தி ஜெயித்தார். ஆனால் அன்றைக்கு விழுந்த விரிசல் கடைசி வரைக்கும் ஒட்டவில்லை. எல்லாரையும் தோற்கடித்துவிட்ட டீமில் வேறென்ன செய்வது? தனக்குள்ளேயே சண்டை போட வேண்டியதுதான்.

அக்டோபர் 30, ஜப்பான், சுஸுகா. ஜெயித்தால் பட்டம். சென்னா முதல் இடத்தில் நிற்கிறார். விளக்கு மாறுகிறது... இன்ஜின் ஆஃப்! சிக்னலில் நம்ம ஸ்கூட்டர் நின்று போகுமே, அதேதான். நல்லவேளை, அந்த இடம் இறக்கம். கார் உருண்டது, இன்ஜின் பிடித்தது. அதற்குள் பதினான்காவது இடம். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டிப் புராஸ்ட்டையும் தாண்டி ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நான் அதிக முறை பார்த்த பந்தயம் இதுதான்.

இப்போது கணக்கு நோட்டைத் திறப்போம். வெற்றிக்கு 9 பாயின்ட், இரண்டாம் இடத்துக்கு 6. புராஸ்ட் 7 வெற்றி, 7 இரண்டாம் இடம். கூட்டினால் 105. சென்னா 8 வெற்றி, 3 இரண்டாம் இடம், சில்லறை 4. கூட்டினால் 94. அப்படியானால் சாம்பியன் புராஸ்ட்தானே?

இல்லை. பதினாறில் சிறந்த பதினொன்று மட்டும்தான் கணக்கில் எடுக்கப்படும் என்பது அன்றைய விதி. சென்னா சில்லறையைத் தள்ளினால் 90. புராஸ்ட் மூணு இரண்டாம் இடங்களைத் தள்ள வேண்டும். 18 பாயின்ட் அவுட். மிச்சம் 87. மூணு பாயின்ட்டில் பட்டம் போயிற்று! ஓடி முடித்த பதினான்கு பந்தயங்களிலும் முதல் அல்லது இரண்டாவது இடம் பிடித்த மனுஷர் தோற்றார். லீவே போடாமல் வருஷம் பூரா உழைத்தவனை விட்டுவிட்டு, ரெண்டு பெரிய ஆர்டர் பிடித்தவனுக்கு பிரமோஷன் கொடுக்கிற ஆபீஸ் ஞாபகம் வருகிறதா? 1991 முதல் எல்லாப் பந்தயங்களும் கணக்கில் சேரும் என்று விதியை மாற்றினார்கள். புராஸ்ட்டுக்கு மூணு வருஷம் லேட்.

அந்தப் பதினாறாவது

செப்டம்பர் 11. இத்தாலி, மோன்ஸா. ஃபெராரி கம்பெனியை உண்டாக்கிய என்ஸோ ஃபெராரி, ஆகஸ்ட் 14-ம் தேதி காலமாகியிருந்தார். அதற்குப் பிறகு அவர் மண்ணில் நடக்கிற முதல் பந்தயம். காலரி முழுக்க சிவப்பு.

புராஸ்ட்டின் இன்ஜின் நடுவிலேயே மடிந்தது. மெக்லாரனின் ஹோண்டா இன்ஜின் பந்தயத்தில் கைவிட்டது அபூர்வம். சென்னா முன்னால் இருக்கிறார். ஆனால் 150 லிட்டர் கணக்கு இடிக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார். பின்னால் ஃபெராரியில் ஜெர்ஹார்ட் பெர்கர் நெருங்கிக்கொண்டே வருகிறார்.

இன்னும் ரெண்டே சுற்று. முன்னால் ஒரு வில்லியம்ஸ் கார், ஒரு சுற்று பின்தங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நிரந்தர டிரைவர் நைஜல் மான்ஸெலுக்கு அம்மை போட்டிருந்ததால், அவருக்குப் பதிலாக வந்தவர் ழான் லூயி ஷ்லெஸ்ஸர். மறுநாள் அவருக்கு நாற்பது வயது. வாழ்க்கையில் அவர் ஓடிய ஒரே ஃபார்முலா ஒன் பந்தயம் அது! வழி விடலாம் என்று ஒதுங்கினார், சக்கரம் வழுக்கியது, சமாளித்து மறுபடி பாதைக்குத் திரும்பினார். அதற்குள் சென்னா உள்பக்கமாகத் திரும்பிவிட்டார். இடி! மெக்லாரன் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெர்கர் முதல், அவருடைய ஜோடி அல்போரெட்டோ இரண்டாவது. ஃபெராரிக்கு ரெண்டு இடமும். மோன்ஸாவில் அன்றைக்குப் பெரியவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டார் என்று சொல்லாத இத்தாலிக்காரர் இல்லை.

சதவிகித ரிக்கார்டு முப்பத்தைந்து வருஷம் நின்றது. 2023-ல் ரெட் புல்லின் ஆர்.பி.19 கார் இருபத்திரண்டில் இருபத்தொன்றை ஜெயித்து அதைத் தாண்டியது. அந்தக் காருக்கும் ஒரே ஒரு தோல்வி, சிங்கப்பூரில். அங்கே ஜெயித்தது யார்? ஃபெராரி! நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையின் பேப்பரில் ஒரு மார்க்கைப் பிடுங்குவதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது போல.

யார் பெற்ற பிள்ளை?

கடைசியாக, என்னை அதிகம் உறுத்துகிற விஷயம். இந்தக் காரை வரைந்தது யார்?

மெக்லாரனில் அப்போது டெக்னிகல் டைரக்டர் கார்டன் மர்ரே. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் பிறந்தவர், மேதை என்று பெயர் வாங்கியவர். இதற்கு முன் பிராபம் டீமில் இருந்தபோது 1986-ல் பி.டி.55 என்று ஒரு குள்ளக் கார் செய்தார். அதிலே இருந்த உயரமான பி.எம்.டபிள்யூ இன்ஜினைச் சாய்த்துப் படுக்கவைத்துப் பார்த்தார். ஆயில் ஒழுங்காகத் திரும்பி வராமல் மக்கர் செய்தது. படுதோல்வி. அந்தக் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டும்போது எலியோ டி ஏஞ்சலிஸ் என்ற இளம் டிரைவர் விபத்தில் சிக்கி உயிரையே விட்டார். ‘அந்தக் குள்ள யோசனையைத்தான் சரியான இன்ஜினோடு மெக்லாரனில் செய்து காட்டினேன்’ என்பது மர்ரே தரப்பு.

தலைமை டிசைனர் ஸ்டீவ் நிக்கல்ஸ், அமெரிக்கர். ‘முந்தின வருஷம் நான் செய்த எம்.பி.4/3-லிருந்து வளர்ந்த கார் இது. டாங்க் சின்னதானால் கார் குள்ளமாவது இயல்பு. வரைந்தது நானும் என் ஆட்களும். பிராபம் காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்பது அவர் தரப்பு. பல வருஷம் கழித்தும் பேட்டி, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது.

ரெண்டு பேருமே சாமானியர்கள் இல்லை. மர்ரே அப்புறம் மெக்லாரன் எஃப்-1 என்ற ரோட்டுக் காரைச் செய்து உலகப் புகழ் பெற்றார். நிக்கல்ஸை ஃபெராரி கூப்பிட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் அந்த ஒரு வரிக்காக, ‘இது நான் செய்தது’ என்கிற ஒரே ஒரு வரிக்காக, ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை.

முன்னே நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில், மூணு ராத்திரி உட்கார்ந்து ஒரு காஸ்ட் ஸ்டேட்மென்ட் தயார் பண்ணினேன். போர்டு மீட்டிங்கில் அது மானேஜர் பெயரில் போயிற்று. ‘ஐடியா என்னுதுதானேப்பா!’ என்றார் அவர். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ‘இப்படி ஒண்ணு பண்ணுனா என்ன?’ என்று காபி குடிக்கும்போது சொன்னவர் அவர்தான். ஆனால் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி விரல் வலித்தது யாருக்கு?

அதனாலோ என்னவோ, என் ஓட்டு கொஞ்சம் நிக்கல்ஸ் பக்கம் சாய்கிறது. யோசனைக்கு மதிப்பு இல்லை என்று சொல்லவில்லை. பிராபம் காரிலும் அதே யோசனைதான் இருந்தது, ஜெயிக்கவில்லையே! டாங்க் எவ்வளவு குட்டை, டிரைவர் எவ்வளவு சாய்வு என்று ஒவ்வொன்றாக அளந்து, தப்பாகி, அழித்து, மறுபடி வரைந்தவர்கள் இருந்ததால்தான் அது தொண்ணூற்று மூன்றே முக்கால் வாங்கியது. அந்த வரைகிற மேஜைகளில் இருந்த பல பேர் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் பேட்டியும் கொடுக்கவில்லை.

டிராயிங் ஆபீஸ்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைந்தவர் இனிஷியல், சரிபார்த்தவர் இனிஷியல், தேதி. நம்ம ஆபீஸ் ஸ்டேட்மென்ட்களில் அந்தக் கட்டம் கிடையாது. யாரும் போட்டுத் தரவும் மாட்டார்கள். திங்கட்கிழமை முதல் நாமே பென்சிலால் போட்டுக் கொள்வோம். மானேஜர் கேட்டால் ‘ஃபார்முலா ஒன்ல இப்படித்தான் ஸார்’ என்று சொல்லிவிடலாம்.